பாலத்தில் நின்ற சம்பந்தம்

லாவுஃபென்பூர்க், ஜேர்மனி
16.06.2025

அன்பு மகன் ஐங்கரனுக்கு அம்மா எழுதுவது,

இங்கு நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் பிரஷர் மட்டும் நேற்றிலிருந்து ஏறி நிற்கிறது, காரணம் கீழே வரும். நீயும் மெல்பேர்ன் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கப் பிள்ளையார் துணை. போனில் சொல்லலாம்தான், ஆனால் அப்பா பக்கத்தை விட்டு அசைகிறார் இல்லை, அதனால்தான் கடிதம்.

நேற்று உன் கலியாணப் பேச்சுக்காகப் பாலம் கடந்து சுவிஸ் பக்கம் போனோம். ஆற்றின் அந்தக் கரையில்தான் உருத்திரமூர்த்தி அண்ணை வீடு. அவருடைய மகள் கிருசாந்திக்கு மருந்துக்கடையில் வேலை, சாதகக் குறிப்பும் நல்ல பொருத்தம். உனக்கு முப்பத்தைந்து ஆகிறது, இதுவும் தப்பினால் இனி எங்கே தேடுவது என்று எனக்கு ஒரு கிழமையாக நித்திரை இல்லை. நாலரைக்கு ராகுகாலம் என்று அப்பா மூன்று மணிக்கே கோட்டுப் போட்டுவிட்டார். நான் ஒரு பேணி நிறைய அரியதரப் பலகாரமும் உன் குறிப்பும் எடுத்துக்கொண்டேன். பாலத்தின் அந்தப் பக்கத்தில் நின்ற சுங்கக்காரப் பிள்ளை மரியாதையாக, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். அவ்வளவுதான். நல்ல காரியத்துக்குப் போகும்போது அப்படிக் கேட்டால் காரியம் விளங்காதாம், அப்பா வீட்டுக்கே திரும்பி விறுவிறென்று நடந்தார். வீட்டில் கதிரையில் சற்றுநேரம் இருந்து, தண்ணீர் குடித்து மறுபடி புறப்பட்டோம். அவள் மறுபடியும் அதையே கேட்டாள், அப்பா மறுபடியும் திரும்பினார். அவளில் பிழை இல்லை, அதைக் கேட்கத்தான் அவளுக்குச் சம்பளம். எங்கை எண்டு கேளாமல், தூரமோ எண்டு கேட்டிருக்கலாம்தானே என்று அப்பா வழியெல்லாம் புறுபுறுத்தார். சுவிஸ்காரிக்கு அதை யார் சொல்லிக் கொடுப்பது.

மூன்றாம் முறை அவள் வாய் திறக்க முன் நான் ஓடிப்போய், பெண் கேட்கப் போகிறோம் என்று ஜேர்மன் பாஷையில் கத்தினேன். அவள் எங்களை ஓரமாக நிறுத்திப் பேணியைத் திறந்தாள், உன் குறிப்பை விரித்து ராசிக் கட்டத்தைத் தலைகீழாகவும் பார்த்தாள். நாலு பத்து ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் அண்ணை வீட்டுக்குப் போன் எடுத்தேன். கிருசாந்தி வீட்டுச் சட்டையோடு, செருப்பும் சோடி மாறி, ஓடி வந்தாள். அவள் விளக்கிச் சொன்னதும் சுங்கக்காரி சிரித்து ஓர் அரியதரமும் சாப்பிட்டாள். எனக்குக் கிருசாந்தியை அங்கேயே பிடித்துவிட்டது. பிறகு அவள் அப்பாவிடம், மாமா, சகுனமெல்லாம் பாத்தியள் சரி, உங்கட மகனுக்கு விருப்பமோ எண்டு கேட்டனீங்களோ என்றாள். அப்பா என்னைப் பார்த்தார், நான் ஆற்றைப் பார்த்தேன். உனக்குப் படம்கூட அனுப்பாமல், நீ சம்மதம் என்று அப்பாவிடம் சொல்லி வைத்தது நான்தான் மகன்.

அவரையே போன் எடுக்கச் சொல்லுங்கோ என்று அவள் தன் இலக்கத்தைத் தந்தாள், பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். விருப்பமென்றால் எடு. மனதில் வேறு யாரும் இருந்தால், அது யாராக இருந்தாலும் எனக்கு எழுது, அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். கலியாணமே வேண்டாமென்றால் அதையும் எழுது. நீ எந்த வகுப்பில் படிப்பது, என்ன படிப்பது, எல்லாம் நாங்களே முடிவெடுத்தோம். உன்னிடம் ஒன்றைக் கேட்பது இதுதான் முதல் தடவை, அதனால் யோசித்துச் சொல்லு.

கடவுள் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே.

நீ என்ன சொன்னாலும் உன் அம்மாதான்,
கமலநாயகி