சாயங்காலம் திரும்பி வரும் தண்ணீர்

அப்பா,

மூன்று நாள் மழை விடுமுறை முடிந்து இன்றுதான் கம்பெனி வேன் வந்தது. டிரைவர் அண்ணா கதவை இழுத்ததும், உள்ளே அடைந்து கிடந்த வாடை முகத்தில் வந்து மோதியது. ஈரமான ரெக்சின், டீசல், போன வாரம் யாரோ சீட்டில் மறந்துவிட்டுப் போன மல்லிகைச் சரம். மற்ற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினார்கள். நான் படியிலேயே நின்றுவிட்டேன். "இன்னாம்மா, ஏறலாமா வேணாமானு யோசிக்கிறியா?" என்று அவர் கேட்ட பிறகுதான் ஏறினேன். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற உங்கள் பஸ்ஸை எனக்காகத் திறந்தீர்களே, அன்றும் இதே வாடைதான் அடித்தது.

நான் பிளஸ் டூ முடித்த கொரோனா வருடம் அது. மற்ற வருடங்களில் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்குவார்கள். வகுப்பறையை எட்டிப் பார்ப்பார்கள், கேன்டீனில் டீ குடிப்பார்கள், எதிரே வரும் மாணவர்களை நிறுத்தி விசாரிப்பார்கள். எங்கள் வருடத்தில் எல்லா கேட்டும் மூடியிருந்தது. கல்லூரிகள் வீடியோ எடுத்துப் போட்டன. ஊரப்பாக்கம் வீட்டில், கண்ணாடி விரிசல் விட்ட உங்கள் போனை நடுவில் வைத்து, நீங்களும் அம்மாவும் நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எல்லாவற்றிலும் கேமரா வானத்திலிருந்து இறங்கி வந்தது. பச்சைப் புல், வெள்ளைக் கட்டடம், பின்னால் டமடமவென்று இசை.

"எல்லா காலேஜும் மேல இருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கும். நாம என்ன கொக்கா? கீழதானே நடக்கப் போறோம்" என்றீர்கள்.

நம் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான். ஆனால் தினமும் கல்லூரிக்குப் போய்வந்தவர் நீங்கள். வண்டலூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் அந்தப் பெரிய கல்லூரிக்குப் பதினோரு வருடமாக பஸ் ஓட்டினீர்கள். அதன் வகுப்பறை ஒன்றில்கூட நீங்கள் நுழைந்ததில்லை. உங்கள் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் தெரிந்த ஐம்பது முகங்கள்தான் உங்களுக்குக் கல்லூரி.

அம்மா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். "உங்க காலேஜ்லயே கேளுங்க. டிரைவர் பொண்ணுக்கு சீட்டு தர மாட்டாங்களா? ஃபீஸும் குறைப்பாங்க. உங்க வண்டிலயே போவா, உங்க வண்டிலயே வருவா. இதுக்கு மேல இன்னா பாக்கணும்?"

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மளிகைக் கடையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டு போனபிறகும், கடைக்காரராக "என்ன பாப்பா" என்று கேட்கும்வரை நிற்கிறவள் நான். உங்கள் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே மூன்று வருடத்தையும் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றீர்கள்.

"கேட்டே தொறக்கல, எப்படிப் பாப்பீங்க?" என்றார் அம்மா.

"மனுஷனுக்குத் தொறக்க மாட்டான். வண்டிக்குத் தொறப்பான்."

உண்மைதான். ஓடாமல் நிற்கும் பஸ்களுக்கு வாரம் ஒருமுறை இன்ஜினை உயிர்ப்பித்து, கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தாவிட்டால் பேட்டரி செத்துவிடும், டயர் ஒரே பக்கமாக அமுங்கிவிடும். அதற்காக டிரைவர்களை மட்டும் முறைவைத்து வரச் சொல்லியிருந்தார்கள். போலீஸ் நிறுத்தினால் காட்டுவதற்காக நீங்கள் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னை டி.வி.எஸ்.ஸில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினீர்கள்.

பஸ் நிறுத்தும் திடலில் நாற்பது பஸ்கள் வரிசையாக நின்றன. கூரைகளின் மேல் தூங்குமூஞ்சி மரத்துச் சருகு. டயர்களைச் சுற்றிப் புல். அதற்கும் பின்னால் ஏழு மாடிக் கட்டடம். காட்டுப் பக்கமிருந்து ஒரு மயில் அகவியது. அந்தச் சத்தம் ஏழு மாடியிலும் மோதித் திரும்பி வந்தது. அவ்வளவு பெரிய இடம் ஒரு ஆள்கூட இல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று தோன்றியது.

நீங்கள் கட்டடத்தைக் காட்டவே இல்லை. பஸ்ஸின் கதவைத் திறந்தீர்கள்.

"பெருக்க ஆள் வரல. கடைசி நாளு சாயங்காலம் பசங்க அவசரமா எறங்கிப் போனப்ப எப்படி இருந்துதோ அப்படியே இருக்கு. உனக்குக் காட்டணும்னுதான் நானும் கை வெக்கல. பின் சீட்டுலருந்து வா. கீழ குனிஞ்சு பாத்துகினே வா. எதையும் தொடாத."

எல்லாக் கல்லூரி பஸ்களையும்போல அதிலும் முன் பாதி பெண்களுக்கு, பின் பாதி பையன்களுக்கு. பின் பாதி சீட்டுகளுக்கு அடியில் தண்ணீர் பாட்டில்கள் நசுங்கிக் கிடந்தன. எல்லாம் காலி. முன் பாதிக்கு வந்தேன். அங்கேயும் பாட்டில்கள். ஒன்றில் தண்ணீர் கழுத்துவரை நின்றது. அடுத்ததிலும் அப்படியே. பூப்போட்ட உறைக்குள் ஒரு ஸ்டீல் பாட்டில் இருந்தது. "கால்ல தள்ளிப் பாரு" என்றீர்கள். கனமாக நகர்ந்தது.

"புரியுதா?"

"தண்ணி குடிக்கல."

"ஏன் குடிக்கல?"

நீங்கள் என்னைப் பார்க்காமல், ஸ்டியரிங்கைத் துணியால் துடைக்க ஆரம்பித்தீர்கள்.

"பாத்ரூம் சரியில்லடா பாப்பா. காலைல ஏழு மணிக்கு வீட்ட விட்டுக் கிளம்புற பொண்ணு, சாயங்காலம் வீட்டுக்குப் போற வரைக்கும் அடக்கிகினு இருக்கா. குடிச்சா போகணும். அதனால குடிக்கறதே இல்ல. ரொப்பிகினு வர்ற தண்ணி அப்படியே திரும்பிப் போகுது. பதினோரு வருஷமா பாக்கறேன். பேட்ச் மாறுது, பாட்டில் மாறல."

டிவியில் நாப்கின் விளம்பரம் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறவர் நீங்கள். என்னிடம் இதைச் சொல்ல எவ்வளவு நாள் யோசித்தீர்களோ. எந்த வீடியோவிலும் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றை, ரோட்டின் மேல் வைத்த கண்ணை எடுக்காமலே நீங்கள் படித்து வைத்திருந்தீர்கள். நான் உங்கள் சீட்டுக்குப் பின்னால் நின்று உங்கள் பின்கழுத்தையே பார்த்தேன். இவ்வளவு நாளும் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு உங்களைத் தெரியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கேயே உட்கார்ந்து, வேறு கல்லூரிகளில் பஸ் ஓட்டும் உங்கள் கூட்டாளிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டீர்கள். இரண்டு பேர் நம் பஸ் கதையையே சொன்னார்கள். மூன்றாவது ஆள் தாம்பரத்து டேவிட் அங்கிள். போனை ஸ்பீக்கரில் போட்டு, "உன் வண்டில பொண்ணுங்க தண்ணி பாட்டில் சாயங்காலம் எப்படிடா திரும்புது?" என்றீர்கள்.

"இன்னா மச்சான், ஸ்டியரிங்க வுட்டுட்டு வாட்டர் போர்டுல சேந்துகினியா?"

"சொல்றா."

"காலிதான் மச்சான். வண்டில ஏறுனதும் என் கேன்லருந்து வேற ரொப்பிக்குதுங்க. டிரைவரு தொண்டைக்கு ஒரு வாய் மிஞ்சாது."

நீங்கள் மாஸ்க்குக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

அடுத்த வாரம் டேவிட் அங்கிள் முறை வந்த நாளில் தாம்பரம் போனோம். பழைய கல்லூரி. ஓட்டுக் கூரை போட்ட தாழ்ந்த கட்டடங்களும் மரங்களும். ஒரு வேப்ப மரத்தடியில் சாவிக் கொத்தை மடியில் வைத்துக்கொண்டு துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"அவங்ககிட்டதான் சாவி. போய்க் கேளு."

"நீங்க கேளுங்கப்பா."

"பொம்பளைங்க பாத்ரூம் சாவிய நான் போய்க் கேட்டா செருப்பால அடிப்பாங்க. போ."

நீங்கள் டேவிட் அங்கிளின் பஸ்ஸில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டீர்கள். நான் அந்த அக்காவுக்குப் பத்தடி தள்ளி நின்றேன். கால் மாற்றி நின்றேன். திரும்பி வந்துவிடலாமா என்று மூன்று தடவையாவது நினைத்திருப்பேன். கடைசியில் அவரே நிமிர்ந்தார்.

"இன்னாம்மா, நிழலுக்கு நிக்கிறியா?"

"அக்கா... பாத்ரூம் பாக்கணும்."

"போணுமா, பாக்கணுமா?"

"பாக்கணும்."

"பாக்கறதுக்கு அது இன்னா தாஜ்மகாலா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் எழுந்துவிட்டார். பூட்டைத் திறந்து, ஒவ்வொரு கதவாகத் தள்ளிக் காட்டினார். ஒவ்வொரு குழாயையும் திருகிக் காட்டினார். "பன்னண்டு கதவு. எல்லாத்துக்கும் தாப்பா கீது பாரு. ரெண்டு வருசம் ஆபீஸ் வாசல்ல நின்னு சண்ட போட்டு வாங்குனது. எவளாவது உடைச்சா தோல உரிச்சிருவேன்."

நான் கெமிஸ்ட்ரி படிக்க ஆசைப்படுவதைக் கேட்டதும், அவரே என்னை இழுத்துக்கொண்டுபோய் லேபின் ஜன்னலைக் காட்டினார். ஸ்டூல்கள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன. கண்ணாடிக் குழாய்கள் வரிசையாகத் தொங்கின. ஓட்டு இடுக்கில் வந்த வெயில் ஒரு குழாயில் பட்டு, அடுத்ததற்குத் தாவி, கடைசி வரை போயிருந்தது. மூச்சுப் பட்டு ஜன்னல் கண்ணாடி மங்கும்வரை பார்த்தேன்.

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "கக்கூஸ பாத்து யாராவது காலேஜ் சேப்பாங்களா? எங்க அண்ணன் கேட்டா இன்னானு சொல்றது?"

"லேப்பும் நல்லா இருக்குன்னு சொல்லு."

எனக்கோ லேப் பிடித்திருந்தாலும் பயம்தான் பெரிதாக இருந்தது. தனியாக ரயில் ஏறி, முன்பின் தெரியாத இடத்தில், நீங்கள் இல்லாமல். சாப்பிட்டுக்கொண்டிருந்த உங்களிடம், "உங்க பஸ்லயே வரேன்ப்பா. நான் தண்ணி குடிக்காம இருந்துக்கறேன்" என்றேன்.

தட்டில் இருந்த கை அப்படியே நின்றது. எழுந்து வெளியே போய்விட்டீர்கள். வெகுநேரம் கழித்துத் திரும்பிவந்து, "தாம்பரத்துக்கு அப்ளிகேஷன் போடு" என்று மட்டும் சொன்னீர்கள். உங்களை அவ்வளவு சிறுத்த குரலில் நான் கேட்டதே இல்லை.

முதல் வருடத்தில் பாதி போனிலேயே போனது. பிறகு ரயிலில் போனேன். பேசக் கற்றுக்கொண்டேன் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. கேட்டே ஆகவேண்டியதைக் கேட்டேன். கேட்காவிட்டால் எனக்காகக் கேட்க அங்கே யாரும் இல்லை.

கல்லூரிகள் திறந்த பிறகு ஒருநாள் வேலை முடிந்து வந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு ஆபீஸ்ல போய்ச் சொல்லிட்டேன்" என்றீர்கள்.

"என்னப்பா சொன்னீங்க?"

"பாட்டில் விஷயத்த."

"அவங்க?"

"ரோட்டப் பாத்து ஓட்டுப்பான்னாங்க."

அடுத்த மாதமும் போனீர்கள். யார் தூண்டிவிட்டது என்று கேட்டார்களாம். மூன்றாவது முறை நீங்கள் சொல்லச் சொல்ல நான் மனுவாக எழுதினேன், நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். உங்களை மதுராந்தகம் ரூட்டுக்கு மாற்றினார்கள். விடிகிறதற்கு முன் கிளம்பவேண்டியிருந்தது. அம்மா திட்டித் தீர்த்தார். அடுத்த வருடம் விடுமுறையில் அங்கே பெண்கள் பாத்ரூமில் தரையைத் தோண்டிப் புதுக் குழாய் பதித்தார்கள். அது உங்களால்தானா என்று நீங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

நான்தான் ஒருநாள் கேட்டேன், பதினோரு வருடம் சும்மா இருந்துவிட்டு ஏன் அப்போது போனீர்கள் என்று.

"நீ அந்த அக்காகிட்ட போய் நின்ன பாரு, கால மாத்தி மாத்தி. கண்ணாடில பாத்துகினே இருந்தேன். கேக்காமத் திரும்பி வந்துடுவன்னுதான் நெனச்சேன். நீ கேட்டுட்ட. எனக்கு வெக்கமாப் போச்சு." பிறகு, "நீ எங்க காலேஜ்ல படிச்சிருந்தா எனக்கு வாய் வந்திருக்காது. சீட்டு குடுத்தவன்கிட்ட எப்படிக் கேக்கறது? அப்ப இதெல்லாம் யோசிக்கல. இப்பதான் தெரியுது" என்றீர்கள்.

போன ஆடியில் நீங்கள் எங்களை விட்டுப் போனபோது, உங்கள் பஸ்ஸில் வந்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சுடிதாரோடு நேராகக் கல்லூரியிலிருந்து வந்திருந்தார்கள். "அங்கிள் பிரேக்கே தெரியாம ஓட்டுவாரு" என்று ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் ஆபீஸில் போய்ச் சொன்னது எதுவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்து, பிறகு விட்டுவிட்டேன். நீங்களும் விட்டிருப்பீர்கள் என்று தோன்றியது.

இப்போது திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன முலாம் பூசும் கம்பெனியின் லேபில் இருக்கிறேன். ஒன்பது பெண்கள் வேலை பார்க்கிறோம். பெண்களுக்கென்று தனியாக பாத்ரூம் இல்லை. பக்கத்து கம்பெனிக்கு நடந்து போக வேண்டும். அவர்கள் பூட்டிவிட்டால் அதுவும் இல்லை. இன்று ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனேன். மேசைமேல் வைத்த பிறகும் வெளியே வரவில்லை. சொல்லிவிட்டேன், அப்பா. மூன்று வாக்கியம்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ரிப்போர்ட் குடுக்க வந்தியா, கட்டடம் கட்டச் சொல்ல வந்தியா?" என்று சிரித்தார்.

"ரெண்டுக்கும்தான் சார்" என்றேன்.

அவர் சிரிப்பு முடியும்வரை அங்கேயே நின்றேன்.