ஒரு வண்டி தாங்கும் பனி

ராத்கோ தன் மனைவி உலியானாவுக்குத் தலைவணங்கி எழுதுவது.

நான் நலம். நீயும் குழந்தையும் நலமென்று மீன்காரி தொமாஷா சொன்னாள். பெண் குழந்தை என்பதையும் அவள்தான் சொன்னாள். உன் அப்பா வீட்டில் மூன்று பேருக்கு எழுதத் தெரியும். ஆனாலும் எனக்குச் செய்தி மீன் கூடையில்தான் வருகிறது. சரி, போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். உடனே கிளம்பி வா. பிரசவத்துக்கு நீ படகில் போனபோது இரண்டு கரையும் ஒரே நாடாக இருந்தது. பெரிய அரசர் கண்ணை மூடினார், பிள்ளைகள் ரொட்டியைப் பிய்ப்பதுபோல் நாட்டைப் பிய்த்துக்கொண்டார்கள். உங்கள் கரை மூத்தவர் க்ளேபுக்கு, எங்கள் கரை இளையவர் யரோபோல்குக்கு. ஒருவர் பங்குக்கு ஒருவர் ஆசைப்படுவதில்லை என்று சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் செய்து, ஓலை மாற்றிக்கொண்டார்கள். அந்த ஓலைகள் இருக்கும்வரை சமாதானம் என்று ஊரில் பேச்சு. எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இருப்பவன் சுவரைத் திருப்பமாட்டான்.

ஆமாம், சுவரைத் திருப்பச் சொல்லிவிட்டார்கள். புல்வெளியிலிருந்து கொள்ளையடிக்க வரும் குதிரைக்காரர்களைப் பார்த்து நிற்கவேண்டிய சுவர் அது. இரண்டு கோடை வேலை. இப்போது அந்த மரங்களைப் பிரித்து ஆற்றோரம் அடுக்குகிறோம், உன் ஊரைப் பார்த்து. நான் யரோபோல்கின் காரியஸ்தர் நெக்ராஸிடம் போய், உறைந்த மண்ணை மரக்கூட்டுக்குள் கொட்டினால் பனி உருகும்போது உள்ளே அமுங்கிச் சுவர் வயிறு தள்ளிவிடும் என்று சொன்னேன். அவர், “வசந்தத்துல விழுறதுக்கு இப்பவே எதுக்குடா ஒப்பாரி? வசந்தம் வரைக்கும் நாம இருந்தா பாத்துக்கலாம்” என்றார். இப்படிப்பட்டவரிடம் வேலை பார்க்கிறேன்.

கரடி போனபின் குட்டிகள் எப்படி அடித்துக்கொண்டால் எனக்கென்ன. ஆனால் நடுவில் இருப்பது ஆறு. ஆற்றின் மேல் பனி இருக்கும்வரைதான் உனக்கு வழி. இன்று ஒரு சாணுக்கு மேல் கனம் இருக்கிறது, நானே துளைபோட்டு அளந்தேன். வா.

*

ராத்கோ உலியானாவுக்கு மறுபடி எழுதுவது.

உன்னிடமிருந்து பதில் இல்லை. உன் அப்பாவிடமிருந்து வந்தது. த்வோரிமிர் மாமா சொன்னதைத் தொமாஷா என் முன்னால் நின்று அவர் குரலிலேயே சொல்லிக்காட்டினாள்: “நாப்பது நாள் கழிஞ்சு சாமியார் ஜெபம் சொல்லாம என் பொண்ணு வாசப்படி தாண்டமாட்டா. அவசரம்னா மாப்பிள்ளை இங்க வரட்டும். க்ளேபுக்கும் சுவரு வேணும்.”

தீட்டு தெரியாதவன் இல்லை நான். ஆனால் நாற்பதாம் நாள் ஜெபத்தை எங்கள் கோயிலில் சொல்லிக்கொள்ளக்கூடாதா? அதற்கும் பதில் வைத்திருக்கிறாராம்: எங்கள் சாமியார் இப்போது வேறு ஆயருக்குக் கீழே இருக்கிறாராம், அவர் சொல்லும் ஜெபம் செல்லுமோ செல்லாதோ என்கிறாராம். போன வருஷம் நமக்குக் கல்யாணம் செய்துவைத்தது அதே சாமியார்தான். நிலத்தைப் பிரித்தார்கள், சரி. மேலே இருப்பவரையுமா பிரித்துவிட்டார்கள்?

தொமாஷாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. “போன வருஷம் ஒரு ராசாவுக்கு மீன் குடுத்தேன், இந்த வருஷம் ரெண்டு பேரும் கேக்குறாங்க. மீனுக்குத்தான் இன்னும் யாரும் சொல்லல, அது யாரு குடின்னு” என்று சிரிக்கிறாள். இரண்டு கரைக் காவலர்களும் அவளைத் தடுப்பதில்லை. இறைச்சி விலக்கிய நோன்புக் காலத்தில் அவர்களுக்கும் மீன் நினைப்புதான்.

நான் ஏன் வரவில்லை என்று கேட்பாய். சுவர் முடியும்வரை போகமாட்டேன் என்று சிலுவையை முத்தமிட்டிருக்கிறேன். அது மட்டுமென்றால் என் பாவம் என்னோடு. எங்கள் தச்சர் கூட்டத்தில் ஒருவனுக்கு ஒருவன் பிணை. நான் ஓடினால் புர்க்கோவைப் பிடிப்பார்கள். அவனுக்கு நான்கு குழந்தைகள், ஒரு கண்தான் சரியாகத் தெரியும், என்னை நம்பி என் பேச்சுக்கு மரம் வெட்டுகிறவன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முதல் உறைபனியில் நீ கேட்டனுப்பினாய், இப்போதே திரும்பி வந்துவிடட்டுமா என்று. நான் போய் அளந்தேன். நான்கு விரல் கனம். பொறு, ஒரு சாண் ஆகட்டும் என்று சொல்லியனுப்பினேன். ஒரு சாண் ஆவதற்குள் உனக்கு வலி வந்துவிட்டது. நான் அளந்தது சரிதான், உலியானா. நான்கு விரல் பனி, கர்ப்பிணியை ஏற்றிய வண்டியைத் தாங்காது. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் தொமாஷா அதே வாரம் இரண்டு தடவை நடந்து போய்வந்தாள். மரம் இழைக்கும்போதெல்லாம் அது நினைவு வந்து கை நின்றுவிடுகிறது.

வாயைத் திறந்து நீயே ஒரு வார்த்தை சொல்லியனுப்பு. அப்பா சொன்னார், சாமியார் சொன்னார் என்பதெல்லாம் வேண்டாம்.

*

ராத்கோ உலியானாவுக்கு. இது மூன்றாவது. படித்ததும் அடுப்பில் போடு. உன் அப்பாவிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். காட்டக்கூடாது என்று சொல்ல நினைத்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

இன்று காலை க்ளேபின் தூதர் வந்தார். விருந்துக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் அந்தச் சிலுவைச் சத்திய ஓலையை எடுத்துத் தரையில் போட்டார். யாரும் குனிந்து எடுக்கவில்லை. வெளியே வந்த நெக்ராஸ் என் தோளில் தட்டி, “சுவரு கெடக்கட்டும், நாப்பது ஆளக் கூட்டிக்கிட்டு ஆத்துப் பனிய வெட்டு. இருபது அடி அகலம், ஊரு நீளத்துக்கும். உன் மாமனாரு வீட்டு ஆளுங்க வந்தா குளிச்சுட்டு வரட்டும்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.

மத்தியானமே தொடங்கிவிட்டோம். பனியைக் கட்டங்கட்டமாக அறுத்து, கழியால் தள்ளிக் கீழே செருகுகிறோம். திரும்ப உறையாதபடி தினமும் கிளறவேண்டும். நாளை மறுநாள் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். உன் கணக்குக்கு இன்று முப்பத்தேழாம் நாள். நாற்பதாம் நாளன்று இங்கே தண்ணீர்தான் இருக்கும்.

இனி கவனமாகப் படி. ஆற்றின் மேல் வளைவில், தார் காய்ச்சும் கொட்டகைக்கு நேரே, ஒரு துண்டை நான் கடைசியாக வெட்டுவதாக ஒதுக்கியிருக்கிறேன். மரம் இழுக்க வழி வேண்டும் என்று சொல்லி வைக்கோலும் கிளையும் பரப்பி, தண்ணீர் ஊற்றி உறையவிட்டு, மேலே பனித்தூள் போட்டு மூடியிருக்கிறேன். ஒரு வண்டி அகலம். இரண்டு பக்கமும் ஊசியிலைக் கிளை நட்டிருக்கிறேன், பக்கத்துக்கு ஆறு கிளை. கிளைகளுக்கு நடுவிலேயே வா, ஒரு முழம் விலகாதே. பகலில் வா. எங்கள் கரைக் காவல் கொட்டகைக்கு முன்னால் நானும் புர்க்கோவும்தான் இருப்போம்.

இது வேறு யார் கைக்காவது போனால் என்னைத் தொங்கவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். உன் அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கட்டும் வில்லெல்லாம் க்ளேபின் ஆட்களுக்குப் போகிறது. பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள மனிதன் எதுவும் செய்வான், நான் செய்கிறேன் இல்லையா. அதனால் அவரிடம் ஒன்று சொல்லிவிடு. அந்த வழி ஒரு குதிரை, ஒரு வண்டி, ஒரு பெண், ஒரு குழந்தை தாங்கும். பத்துக் குதிரை ஏறினால் பாதியில் பிளக்கும். மிரட்டலாகச் சொல்லவில்லை. அளவு அது.

வர மனமில்லை என்றால் அதையும் நான் புரிந்துகொள்வேன் என்று எழுத நினைத்தேன். பொய். புரிந்துகொள்ளமாட்டேன். ஆனாலும் நாளை மறுநாள் உச்சிவேளைக்கு அந்தத் துண்டையும் நான் அறுத்தாகவேண்டும், வேலை முடிந்ததா என்று பார்க்க நெக்ராஸ் வந்துவிடுவார். அதுவரை அங்கேயே நிற்பேன். அறுத்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்பேன் என்று நினைக்கிறேன், எதற்கென்று தெரியாது.

குழந்தையை வண்டியில் கிடத்தாதே, உன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள். நீ வண்டியை விட்டு இறங்கி முன்னால் நட, குதிரையைக் கயிறு நீளத்துக்குப் பின்னால் விடு. சத்தம் கேட்டால் ஓடாதே, நல்ல பனி சத்தம் போடும்.

அவளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெயர் இல்லாமலே கடவுளின் தாயிடம் வேண்டிக்கொள்கிறேன், அவள் தெரிந்து காப்பாற்றட்டும். பெட்டி, பாத்திரம், கம்பளம், உன் அம்மா கொடுத்தனுப்பும் எதையும் ஏற்றாதே. கனமாக எதுவும் வேண்டாம். நீங்கள் இரண்டு பேர் மட்டும் வாருங்கள்.

ராத்கோ