எங்க திரும்புது?

இன்று சாயங்காலம் ஆபீஸ் விட்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டு ரெக்சின் உறையில் நீலப் பூக்கள். காவிரிப் பாலம் வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன்: ஓர் இதழ் பிய்ந்த பூ, ஒரு சாண் தள்ளி மறுபடி அதே பிய்ந்த பூ. "இங்கதான்டி திரும்புது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் கூடையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா பதறிப்போனார். "எங்கம்மா திரும்புது? பாலத்துமேல நேராத்தானே போகுது?"

நீ இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் பிழைப்பு அப்படி. வீடியோ விளையாட்டில் வரும் கோட்டைச் சுவரை யாரும் முழுதாகச் செய்வதில்லை. கம்ப்யூட்டர் திரையில் களிமண் மாதிரி பிசைந்து ஒரே ஒரு சதுரம் செதுக்குவோம். அதையே அடுக்கிக்கொண்டு போனால் சுவர். ஒட்டு தெரியக்கூடாது. தனியாகக் கண்ணை இழுக்கிற கீறல் ஒன்றுகூட இருக்கக்கூடாது. இருந்தால் சுவர் முழுக்க வரிசையாக நின்று காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் நாளெல்லாம் இதையே செய்துவிட்டு, வெளியே போனாலும் நமக்கு வேறு பேச்சு கிடையாது. கல்யாண மண்டபத் திரைச்சீலை, ஹோட்டல் மேசை விரிப்பு, என் சித்தியின் புடவை, எதையும் நீ விட்டதில்லை. "எங்க திரும்புது, சொல்லு பார்ப்போம்" என்பாய். ஸ்ரீரங்கம் கோயில் மதிலிடம் மட்டும் தோற்றுப்போனாய். "இதுல எதுவுமே திரும்பலடி. பொறாமையா இருக்கு."

உன் காட்டூர் வீட்டில் இருந்துகொண்டு நீ செய்த கடைசிச் சதுரம் ஒரு கருங்கல் சுவர். நோயில் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. திரையில் செதுக்குகிற பேனா நழுவி, கீழ்வரிசைக் கல்லில் ஒரு பள்ளம் விழுந்தது, பிசைந்த மாவில் கட்டைவிரல் வைத்ததுபோல. "இருக்கட்டும், நாளைக்குச் சரி பண்றேன்" என்று மூடிவைத்தாய். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கேயும் நீ விடவில்லை. தரையில் ஒட்டியிருந்த மர டிசைன் விரிப்பைக் காட்டி, "கட்டிலுக்குக் கீழ ஒரு முடிச்சு, கதவுகிட்ட அதே முடிச்சு. எவனோ சோம்பேறி போட்டிருக்கான்" என்றாய். அழுதுகொண்டிருந்த உன் அம்மாவும் குனிந்து பார்த்தார்கள்.

போன வாரம் உன் சதுரம் என்னிடம் வந்தது. அடுக்கிப் பார்த்தேன். கோட்டை நீளத்துக்கும் உன் பள்ளம். டீம் லீடர் பின்னால் வந்து நின்றார். "அவங்க வேலைன்னு தெரியுங்க. ஆனா அந்தப் பள்ளம் கண்ணுல குத்துது. எடுத்துடுங்க." எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் வந்தது. ஒரு வாரம் வேறு வேலைகளைச் சாக்குச் சொல்லி ஓட்டினேன்.

இன்று மத்தியானம் எடுத்தேன். பழைய கோப்பைத் தனியாக வைத்திருக்கிறேன்தான். ஆனால் விளையாட்டில் அந்தப் பழைய சுவரோரம் யாரும் நடக்கப் போவதில்லை. பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தேன். பள்ளம் நிரவிக்கொண்டது. சுவர் முழுவதிலும் ஒரே சமயத்தில் நீ போய்விட்டாய். உன் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எனக்கு வராத அழுகை, ஏ.சி. ஓடுகிற ஆபீஸில் வந்தது.

லீடர் உற்றுப் பார்த்தார். "சூப்பருங்க. எங்க திரும்புதுன்னே தெரியல."

நம் வேலையில் இதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது என்பது உனக்கே தெரியும். உன்னை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி நன்றாகச் செய்துவிட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்கு மதிலோரமாகவே நடந்தேன். எந்தக் கல்லிலாவது கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்காதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். நிறைய இருந்தன. எதுவும் உன்னுடையது இல்லை.