மிச்ச உலகத்தில் இந்தியா

22 ஏப்ரல் 1974, திங்கள்

மாவுக்கட்டுக்குள் அரிப்பு. விசிறிக் காம்பை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டிருந்தபோது தபால்காரர் சூசையப்பன் வந்தார். ஸ்காட்லாந்திலிருந்து எட்வின் அனுப்பிய உறை, இந்தத் தடவை கனமாக. கல்லூரி நாளில் தபால்தலை மாற்றிக்கொண்டு ஆரம்பித்த சிநேகிதம். பதினோரு வருடமாகிறது, முகம் பார்த்ததில்லை.

கூரைமேல் ரேடியோ ஏரியல் கட்டப் போய் விழுந்து தொடை எலும்பை ஒடித்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தேன். படுத்துக் கிடப்பவனுக்குப் பொழுது போக வேண்டுமே என்று ஒரு விளையாட்டை அனுப்பியிருக்கிறான். அவனே உண்டாக்கியதாம். பெயர் ‘மிச்ச உலகம்’. அணுகுண்டுச் சண்டையில் உலகம் அழிந்த பிறகு, மிஞ்சிய நாடுகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு தபாலிலேயே ஆட வேண்டும். எட்வின் நடுவர்.

உலகப் படமும் இருந்தது. முதலில் இந்தியாவைத்தான் தேடினேன். வெறும் வெள்ளை. ஓரத்தில் ஒரு வரி: “மக்கள் இல்லை. யாரும் கடந்து போகலாம்.”

எட்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு இந்தியாவை வரையக் கற்றுக்கொடுக்கும் பூகோள வாத்தியார் நான். யாரும் கடந்து போகலாமாம். இவன் அப்பன் வீட்டுக் களமா?

25 ஏப்ரல்

விதிகளைப் படித்தேன். காலி நாட்டை ஒருவர் கேட்டு வாங்கலாம். ஆனால் மூன்று சுற்றில் நடுவரின் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லி, பத்தாயிரம் பேர் உயிரோடு இருக்க முடியும் என்று நம்பவைக்க வேண்டும். தவறினால் நாட்டின் பெயரே படத்திலிருந்து போய்விடும். இந்தியாவை நானே கேட்கப்போகிறேன். முதல் கேள்வி தண்ணீர்.

அணைகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, சத்தமாகப் படித்துப் பார்த்தேன். என் உடம்பைத் துடைக்கத் துணி பிழிந்துகொண்டிருந்த கமலாத்தாள் சிரித்துவிட்டாள். தை மாதம் கல்யாணமாகி வந்தவள். மாசி முடிவதற்குள் நான் விழுந்துவிட்டேன். இதுவரை அவள் என் முன்னால் சிரித்ததே இல்லை.

“ஏனுங்க, ஆளே இல்லீங்கறீங்க. அணையை ஆரு தொறந்து உடுவாங்க?”

எரிச்சல்தான் வந்தது. நாலாவது வரை படித்தவள். “நீயே சொல்லு பார்க்கலாம்” என்றேன்.

சொன்னாள். “எங்கூர்ல மழை இல்லாத வருசம் வாய்க்காக் கடைசீல இருக்கற வெள்ளாமைக் காட்டுக்குத்தான் மொதத் தண்ணி உடுவாங்க. மடைக்குக் கிட்ட இருக்கற தலமாட்டுக்காரனுக்கு எப்புடியும் கெடைச்சுருமுங்க. கடைசிக்காரனுக்கு நம்பிக்கை இருந்தாத்தான் ஆரும் ராத்திரீல மடையை ஒடைக்க மாட்டாங்க.”

இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். அவள் சொன்னதையே எழுதினேன்.

8 மே

ரயில் வேலைநிறுத்தம் இன்று ஆரம்பம். தபால் எப்போது வருமோ.

18 மே, சனி

ராஜஸ்தானத்தில் நம்மவர்கள் பூமிக்கடியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்திருக்கிறார்கள். ரேடியோவில் சொன்னதும் பக்கத்து வீட்டுக் காளிச்சாமி வெல்லம் கொண்டுவந்து வாயில் போட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கமலாத்தாள் மட்டும் கேட்டாள்: “அந்த மண்ணுல இனி எப்பங்க வெதைக்கலாம்?”

தெரியவில்லை என்றேன். வாத்தியாருக்குத் தெரியாததும் உண்டா என்பதுபோல் பார்த்தாள்.

13 ஜூன்

ஒருவழியாக எட்வினின் தாள் வந்தது. தண்ணீர்ப் பதிலை ஏற்றுக்கொண்டான். கடைசி வயலுக்கு முதல் தண்ணீர் என்பதை எல்லா நாட்டுக்கும் விதியாகவே போட்டிருக்கிறான்.

ஆனால் விளையாட்டின் முன்கதையில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. “முதல் குண்டைப் போட்டது இந்தியா.” மே மாதச் செய்தியைப் பார்த்துவிட்டு எழுதிவிட்டான். உலகத்தையே அழித்தது நாமாம். தபால்தலைக்காரா, குண்டை அடுக்கி வைத்திருப்பவன் நீ, பழி எனக்கா. நாலு பக்கம் காரசாரமாக எழுத ஆரம்பித்தேன். பேனா காகிதத்தைக் கிழித்தது.

என்ன கோபம் என்று கமலாத்தாள் கேட்டாள். சொன்னேன்.

“எல்லாரும் என்ற தலைமேல போடறாங்கல்லங்க, பொண்ணு வந்த நேரந்தான் நீங்க உழுந்தீங்கன்னு. அதுமாதிரிதான். எதுத்துப் பேசுனா இன்னும் நாலு பேரு சேந்து சொல்லுவாங்க. நீங்க சோத்துக்கு வழி எழுதுங்க.”

ஊரில் அப்படிப் பேசுகிறார்கள், என் காதிலும் விழுந்தது. ஏரியல் கட்ட ஏறியது நான். ஒருவரிடமாவது அதைச் சொன்னேனா? சொல்லவில்லை. படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் கேள்வி: மழையே பெய்யாத வருடம் என்ன தின்பீர்கள்? அரிசி களைந்துகொண்டே அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கொள்ளு, சாமை, பனங்கிழங்கு, கள்ளிப்பழம். புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்துத் தின்றது அவள் அம்மா காலத்துப் பஞ்சமாம்.

29 ஜூன்

நேற்று கோயமுத்தூரில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளே என் கால்தானா என்று சந்தேகம். அவ்வளவு சூம்பல். டாக்டர் இரண்டு ஊன்றுகட்டைகள் கொடுத்து, “நடந்தால்தான் நடை வரும்” என்றார்.

இன்று காலை வாசலில் முயன்றேன். மூன்றாவது அடியில் விழுந்தேன். காளிச்சாமி வீட்டார் அத்தனை பேரும் பார்த்தார்கள். கட்டைகளை மூலையில் வைக்கச் சொல்லிவிட்டேன். இனித் தொடுவதாக இல்லை.

கமலாத்தாள் கட்டைகளைத் துடைத்து, நான் படுத்தபடியே பார்க்கும் மூலையில் சாத்தி வைத்தாள்.

9 ஜூலை

சாப்பாட்டுப் பதிலும் தேறியது. புளியங்கொட்டையை எழுதிய உன் விவசாய மந்திரி யார் என்று எட்வின் கேட்கிறான். கடைசிக் கேள்வி இது: இருக்கும் தானியக் கிடங்கு தீப்பிடித்துவிடுகிறது. அடுத்த வருடம் எதை விதைப்பீர்கள்?

கிடங்கைச் சுற்றி அகழி வெட்டலாம் என்று யோசிக்கிறேன். அவளிடம் கேட்காமல் நானே ஒன்றாவது எழுதிப் பார்க்க வேண்டும்.

15 ஜூலை

ஆறு நாள் யோசித்தும் அகழிக்கு மேல் ஓடவில்லை. கேட்டேன்.

“வெதையை ஆருங்க ஒரே எடத்துல வெப்பாங்க? எங்கய்யன் வெதைத் துவரையைச் செம்மண்ணுல பெரட்டிக் காயவெச்சு, அக்காளைக் கட்டிக்குடுத்த ஊட்டுல ஒரு பங்கு, அத்தை ஊட்டுல ஒரு பங்குன்னு குடுத்து வெப்பாரு. ஒரு ஊர் வெந்து போனாலும் பொண்ணு குடுத்த ஊர்ல இருக்குமுங்க. போயி வாங்கிட்டு வரலாம்.”

“அவங்க குடுக்கலைன்னா?”

“பொண்ணு அங்க இருக்கறப்ப எப்புடிங்க குடுக்காம இருப்பாங்க?”

இந்த நாடு எப்படி இத்தனை பஞ்சத்தைத் தாண்டியது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. இங்கிலீஷில் எழுதி ஒட்டிவிட்டேன். மந்திரியின் பெயர் கமலாத்தாள் என்றும் எழுதினேன்.

17 ஜூலை, ஆடி 1

காலையில் மீனாட்சிபுரத்திலிருந்து மைத்துனர் சின்னையன் வந்தார். புதுப்பெண்ணை ஆடி நோம்பிப் பண்டிகைக்கு அழைத்துப்போய் மாதம் முழுக்கத் தாய்வீட்டில் வைத்துக்கொள்வது முறை. மாப்பிள்ளையும் போய் விருந்து சாப்பிட வேண்டும். நான் கட்டிலில்.

“மாப்ளை, கால் எப்புடி இருக்குதுங்க?”

“அப்படியேதான்.”

அவர் மூலையில் இருந்த கட்டைகளைப் பார்த்தார். வெளியே போய் என் அம்மாவிடம் சொன்னது கேட்டது. “ஆடி முடியட்டுங்க அத்தை. மாப்ளைக்கு எப்புடீன்னு பாத்துட்டு, அப்பறம் பேசிக்கலாம்.”

பேசிக்கலாமாம். என்ன பேச்சு? இருபது வயதுப் பெண்ணை எழுந்து நடக்காதவனிடம் எதற்கு விட்டுவைப்பது என்ற பேச்சா? அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் பேசுவேன்.

கிளம்பும்போது, “போயிட்டு வரனுங்க” என்றாள். வருவாளா?

18 ஜூலை

தண்ணீர்ச் செம்பு கைக்கு எட்டவில்லை. அவள் எங்கே வைப்பாள் என்று கூட நான் கவனித்ததில்லை.

3 ஆகஸ்ட், ஆடி 18

ஊரெல்லாம் ஆற்றுக்குப் போயிருக்கிறது. அம்மா அரிசியும் வெல்லமும் சேர்த்துப் பச்சை மாவு இடித்துக் கொடுத்தாள். “அம்மிணி இருந்தா ஊடு ஊடா இருக்கும்” என்றாள். அவளைப் பற்றி அம்மா இவ்வளவு சொல்லிக் கேட்டது இன்றுதான்.

10 ஆகஸ்ட், சனி

தாள் வந்துவிட்டது. அவசரத்தில் உறையோடு தாளின் ஓரமும் கிழிந்தது.

இந்தியா இருக்கிறது. வெள்ளையில் ஒரு சின்னக் கறுப்பு வட்டம், நம் பாலக்காட்டுக் கணவாயில். கீழே: “பத்தாயிரம் பேர். விதை மகள்களின் வீடுகளில் இருக்கிறது. அந்த மக்களை அழிக்க வழி தெரியவில்லை.” முதல் குண்டு வரியை அடித்துவிட்டான். மந்திரி கமலாத்தாளுக்குத் தனியாக வணக்கம் சொல்லியிருக்கிறான்.

சந்தோஷத்தில், “கமலா” என்று கூப்பிட்டுவிட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

யாரிடம் சொல்வது? கடிதமாக எழுதலாம். அவள் அண்ணன் முதலில் பிரித்துப் படிப்பார், வேண்டாம். நானே போய்ச் சொல்ல வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டுக் கட்டைகளை எடுத்துத் தரச் சொன்னேன்.

11 ஆகஸ்ட்

கட்டிலிலிருந்து நிலைப்படி வரை. விழவில்லை.

14 ஆகஸ்ட்

மாட்டுக்கொட்டில் வரை போய்த் திரும்பினேன். அக்குள் இரண்டும் புண். காளிச்சாமியின் சம்சாரம், “எல்லாம் அவ வந்த நேரம்” என்று ஆரம்பித்தாள். “கூரைமேல ஏறுனது நானுங்க. அவ வந்த நேரந்தான் நான் இன்னிக்கு நிக்கறேன்” என்றேன். ஐந்து மாதம் தாமதம். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

17 ஆகஸ்ட், ஆவணி 1

ஆடி முடிந்தது. காலை பஸ்ஸில் அவள் வரவில்லை. மாலை பஸ்ஸிலும் இல்லை.

19 ஆகஸ்ட்

மூன்று நாளாயிற்று. பேசி முடித்துவிட்டார்களா? எதுவானாலும் நேரில் கேட்டுக்கொள்கிறேன். அவள் வரமாட்டேன் என்றால்கூட, நாலு மாதம் என்னைத் தூக்கி நிறுத்தியவளுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விடக்கூடாது. நாளைக் காலை கிளம்புகிறேன். அம்மாவிடம் சொல்லியாயிற்று.

20 ஆகஸ்ட், மீனாட்சிபுரம்

மாமனார் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்டக்டர் கை கொடுத்து ஏற்றினார், இன்னொருவர் இறக்கினார். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடந்தேன். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன்.

அவள் வாசலில் துவரை காயவைத்துக்கொண்டிருந்தாள். பார்த்தவள் எழுந்து நின்றாள், கிட்டே வரவில்லை. நான் படியேறி முடிக்கும்வரை என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன், அதற்குள் கை முந்திக்கொண்டது. தாளை எடுத்து நீட்டினேன். கறுப்பு வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

ஆடியில் சாப்பிட வேண்டிய மாப்பிள்ளை விருந்தை ஆவணியில் போட்டார்கள். இலை முன்னால் சின்னையன் சொன்னார்: “ஆவணி ஒண்ணாந்தேதியே கொண்டாந்து உடறேன்னு சொன்னனுங்க மாப்ளை. மாட்டேன்னுட்டா. நான் பக்கத்துல இருந்தா அவரு எந்திரிக்க மாட்டாரு, அவரே வந்து கூப்புடட்டும்னு பிடிவாதம்.”

எல்லாரும் கை கழுவப் போனபிறகு மெதுவாகக் கேட்டேன். “நான் வராமலே இருந்திருந்தா?”

“நாளைக்கு ஏழரை பஸ்ஸுக்கு நானே வந்திருப்பனுங்க. அண்ணங்கிட்டக்கூடச் சொல்லலை.”

கதவுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். பை கட்டித் தயாராக இருந்தது.