ரிலீவர் வரும் வரை

வடக்குத்து, நெய்வேலி.

அன்பு மகன் கலைச்செல்வனுக்கு,

அப்பா தனகோட்டி எழுதிக்கொள்வது. இங்கே மழை பிடித்துவிட்டது. என் முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. நீ பட்டாளத்துக்குப் போக வேண்டாம் என்று சொன்னவன் நான். அதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. நீயாக யோசனை கேட்டதால் எழுதுகிறேன்.

பணம் இல்லையென்று நீ இருக்கும் ஐ.நா. அமைதிப்படையில் ஆட்களைக் குறைப்பதைப் பேப்பரில் படித்தேன். இனிமேல் படை எதற்கு, மேலே ட்ரோனை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பெரிய மனிதர் எழுதியிருந்தார். தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது இறங்கிவிடுமா?

சுரங்கத்துப் பம்பு ஹவுஸ் நாட்கள்தான் நினைவுக்கு வருகின்றன. போண்டா மடித்து வரும் பேப்பரில் நான் எழுத்துக் கூட்டப் பழகியது அங்கேதான். நிலக்கரிக்கு அடியில் ஊற்று முட்டிக்கொண்டு நிற்கும். இரவு பகலாக இறைத்தால்தான் தரை காய்ந்திருக்கும். அந்தக் காய்ந்த தரையைப் பார்த்துவிட்டு, "தனகோட்டி சும்மா குந்திகினு சம்பளம் வாங்குறான்" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அடுத்த ஷிப்டுக்கு மாற்ற வரும் ரிலீவர் பக்கத்தில் வந்து நிற்காமல் எங்களில் ஒருவனும் இடத்தை விட்டு எழுந்ததில்லை. அந்த மோட்டார் சத்தம் இல்லாமல் இப்போதும் எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை.

நீ பிறந்த அன்று என் ரிலீவர் அய்யனார் மழையில் மாட்டிக்கொண்டான். விடிந்துதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். "பம்பைக் கட்டிகினு வாழ வேண்டியதுதான, என்னை ஏன் கட்டின" என்றாள் உன் அம்மா. சாகும்வரை சொல்லிக் காட்டினாள்.

முதல் விமானத்தில் கிளம்பினால் செவ்வந்தியின் பிரசவத்துக்கு வந்துவிடலாம், கடைசிக் குழுவில் பெயர் கொடுத்தால் முகாமில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேருக்குப் பழக்கிவிட்டு வரலாம் என்று எழுதியிருந்தாய். அடைக்கலம் வந்த சனமெல்லாம் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது என்றும் எழுதியிருந்தாய். செவ்வந்திக்குப் படித்துக் காட்டினேன். "மாமா, ஒங்க பம்புக் கதைய மட்டும் அவருக்கு எழுதிடாதீங்க" என்றாள். கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டு, "அந்தப் பொம்பளைங்களுக்கும் புள்ளைங்க இருக்கும் இல்ல?" என்று அவளே கேட்டாள்.

ஆகவே கடைசிக் குழுவில் பெயர் கொடு. அந்தப் பெண்கள் தனியாக ஓட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பு. இங்கே ஆட்டோவுக்குச் சசிகுமாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பிரசவ அறை வாசலில் முதல் ஆளாக நான் உட்கார்ந்திருப்பேன். இப்போது எனக்கு எந்த ஷிப்டும் இல்லை.

முனீஸ்வரன் உன் கூடவே இருப்பான். அவர்களுக்குக் கை பழகியதும் புறப்பட்டுவிடு. அதற்கு மேல் ஒரு நாள்கூட அங்கே நிற்காதே.

உன் அப்பா,
தனகோட்டி