லேப்டாப்புகளுக்கு நடுவே ஒரு பெட்டி

அக்கா,

எழுதுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இருந்தபோது நான் உங்களுக்கு அனுப்பியதெல்லாம் "சரிக்கா", "வந்துட்டேன்க்கா", "பால் வாங்கணுமாக்கா" என்பவைதான். டெக்சாஸிலிருந்து நீங்கள் எழுதிய நீளமான செய்திகளுக்குக்கூட ஒரு கும்பிடு படத்தைப் போட்டுவிட்டு ஒளிந்துகொண்டேன். பதில் வராது என்று உறுதியான பிறகு எனக்குப் பக்கம் பக்கமாக எழுத வருகிறது. என் தைரியம் இவ்வளவுதான்.

போன வாரம் உங்கள் தம்பியிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உங்கள் துப்பாக்கியை அங்கேயே கடையில் கொடுத்துவிட்டாராம். அது இருந்த பெட்டிக்குள் என் பெயர் எழுதிய சீட்டு இருந்ததால் பெட்டியை மட்டும் அனுப்பியிருக்கிறார். திறந்ததும் அந்த எண்ணெய் வாசனை அடித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சமையலறை மேசையில் பழைய துணியை விரித்து நீங்கள் துப்பாக்கியைத் துடைப்பீர்கள். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கும். அந்த இரண்டு வாசனையும் எனக்குச் சேர்ந்தேதான் நினைவிருக்கிறது. பெட்டிக்குள் கறுப்பு ஸ்பாஞ்சில் துப்பாக்கி படுத்திருந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. மூடியின்மேல், பூட்டுக்குப் பக்கத்தில், காய்ந்து வெடித்த சந்தனம், அதன் நடுவே கறுத்துப்போன குங்குமம். இத்தனை வருடம் நீங்கள் அதைத் துடைக்கவே இல்லை. அந்தப் பொட்டை வைத்த விரல் என்னுடையது.

நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் உங்கள் வீட்டு மாடியறைக்கு நான் குடிவந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. சங்ககிரியில் லாரி ஓட்டுகிறவரின் மகள், வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், ஆட்கள் நிறைந்த அறையில் எங்கே நிற்பது என்று தெரியாதவள். "பொள்ளாச்சிக்காரி வீடு கண்ணு, உனக்குப் பக்கத்து ஊருதான்" என்றீர்கள். உங்கள் வாசல் புல்வெளியில் துப்பாக்கிக் கட்டுப்பாடு பேசுகிற லிபரல் வேட்பாளரின் தேர்தல் அட்டை நட்டிருந்தது. அந்தத் தெருவில் நம்மவர்கள் வீடுகள் எல்லாவற்றிலும் அதே அட்டைதான். எல்லாரையும் இங்கே வரவேற்கிறோம் என்ற பலகையும் பக்கத்தில் இருக்கும். வரவேற்கப்பட்ட யாரையும் அந்த வீடுகளுக்குள் நான் பார்த்ததில்லை.

ஒரு சாயங்காலம் ஆபீஸ் முடிந்து இருவரும் வீடு திரும்பியபோது பின்கதவுக் கண்ணாடி உடைந்து கிடந்தது. உங்கள் தாலிக்கொடியும், நீங்கள் விவாகரத்துக்குப் பிறகு உங்களுக்காகவே வாங்கிக்கொண்ட இரண்டு வளையல்களும் போயிருந்தன. இந்திய வீடுகளில் தங்கம் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தாலிக்கொடி போனது நல்லதுதான் என்று சிரித்தீர்கள். மறுநாள் துப்பாக்கிக்கு விண்ணப்பித்தீர்கள்.

நியூ ஜெர்சியில் அதற்கு உங்களைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உங்கள் பழைய மேனேஜர். இன்னொருவர் நான். "பிடிக்கலைனா பண்ணாத. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றீர்கள். எனக்குத் துப்பாக்கி பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆனால் போலீஸிடமிருந்து வந்த கேள்வித்தாளில் இவரை எனக்குத் தெரியும், இவர்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். இந்த ஊரில் நான் ஒருவருக்காக எழுதிக்கொடுத்த முதல் வாக்குமூலம் அது.

துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடத்துக்கு நானும் கூட வருவேன், பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க. அங்கே சுவரெல்லாம் அமெரிக்கக் கொடி. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கட்சி என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. லிபரல்களுக்குத் துப்பாக்கியின் எந்தப் பக்கம் எங்கே என்று தெரியாது என்பதுதான் அவர்களிடம் இருந்த ஒரே ஜோக். வாராவாரம் அதையே சொல்லி வாராவாரம் புதிதாகக் கேட்டதுபோல் சிரித்தார்கள். நீங்கள் இலக்குத்தாளைக் கழற்றிக் கொடுத்து, நான் லிபரல்தான், ஓட்டும் அங்கேதான் போடுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்ன அன்று அந்தச் சிரிப்பு நின்றது. தாளின் நடுவட்டம் உங்கள் குண்டுகளால் கிழிந்திருந்ததால் சுடத் தெரியாதவர் என்று கேலிசெய்யவும் வழியில்லை. அதற்கு முந்தின வாரம்தான் விளம்பரத்துக்கு உங்களைப் புடவையில் படம் பிடிக்கவேண்டும் என்று கெஞ்சியிருந்தார்கள். பிறகு அந்தப் பேச்சே வரவில்லை. சுதந்திரம், சுதந்திரம் என்று தொப்பியில் தைத்துப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு, தங்கள் ஓட்டைத் தவிர இன்னொரு ஓட்டு இருக்கலாம் என்பது மட்டும் தாங்கவில்லை.

சரி, நம் ஆட்களைத் தேடிப் போவோம் என்று நூலகத்தில் கூடிய லிபரல் துப்பாக்கிக்காரர்களிடம் போனோம். மொத்தம் ஏழு பேர். தங்கள் குழுவுக்கு என்ன பெயர் வைத்தால் யார் மனமும் புண்படாது என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். தாடி வைத்த ஒருவர், புலம்பெயர்ந்த பெண்ணாக நீங்கள் எவ்வளவு பயந்திருப்பீர்கள் என்று உங்களுக்கே விளக்கினார். நீங்கள் குக்கீஸ் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தீர்கள். காரில் ஏறியதும் சொன்னீர்கள்: "இவங்க பேர் வச்சு முடிக்கறதுக்குள்ள திருடன் ரிட்டயர் ஆயிருவான் கண்ணு."

அதே பயிற்சிக்கூடத்தில்தான் முரளி அங்கிளைப் பார்த்தோம். நம் தமிழ்க் குழுவின் செயலாளர், என்னை வேலைக்கு ரெஃபர் செய்தவர், தெருவிலேயே பெரிய அட்டை நட்டவர். கொடித் தொப்பிக்காரர்களோடு சேர்ந்து அந்த ஒரே ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் காதுமூடியைச் சரிசெய்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். பார்க்கிங்கில் வேறு வழியில்லாமல், "சும்மா ஆபீஸ் டீம் அவுட்டிங்மா" என்றார். கையில் சொந்தத் துப்பாக்கிப் பை, அதில் தைத்த அவருடைய பெயர். டீம் எங்கே என்று நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் யாரையும் காட்டிக்கொடுக்கிறவர் இல்லை.

அந்த வருட ஆயுத பூஜை உங்கள் வீட்டில். ஹாலில் வெள்ளைத் துணி விரித்து எல்லாரும் அவரவர் தொழில் சாமான்களை வைத்தார்கள். ஒன்பது லேப்டாப், மூன்று எலக்ட்ரிக் கார் சாவி, ஒரு பல் டாக்டரின் கருவிப்பை, யாரோ ஒருவரின் கோல்ஃப் மட்டை. காலையில் நீங்கள் பூட்டிய பெட்டியை நடுவில் வைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கச் சொல்லி என்னிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்திருந்தீர்கள். நானும் எல்லாவற்றுக்கும் வைத்தேன்.

தீபாராதனை முடிந்து சுண்டல் கொடுக்கும்போதுதான் அந்தக் குழந்தை கேட்டாள். உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிக்கிற, எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெண். அன்று தமிழில் கேட்டாள்.

"ஆன்ட்டி, இந்த பாக்ஸ்ல என்ன?"

"துப்பாக்கி, கண்ணு."

"லைக், எ ரியல் கன்?"

"ஆமா. பூட்டியிருக்கு, யாரும் தொடக்கூடாது. நீயும் தொடக்கூடாது."

குழந்தையிடம் பொய் சொல்ல உங்களுக்குத் தெரியவில்லை. வகுப்பில் நீங்கள் கேட்டு அவள் தமிழில் பேசியதே இல்லை. அன்று அவள் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலால் அந்த வகுப்பே போய்விட்டது.

அவளுடைய அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த அறையில் உண்மையாகப் பயந்தது அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பயப்படவில்லை, பதறிப்போன மாதிரி காட்டிக்கொண்டார்கள். நாமெல்லாம் லிபரல்ஸ், நம்ம வீட்டில் இப்படியா என்று ஒருவர். தூங்குவதற்கே மாத்திரை போடுகிறவர் துப்பாக்கி வைத்திருந்தால் என்ன ஆகும் என்று இன்னொருவர், உங்கள் காதில் விழும்படியே. எல்லாருக்கும் மேலே முரளி அங்கிளின் குரல். நம் பண்பாடு என்ன, நாம் எந்தக் கட்சி, அடுத்த தலைமுறைக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று ஆரம்பித்து, தமிழ் வகுப்பை இனி இந்த வீட்டில் நடத்த முடியாது என்று முடித்தார். ஆயுதத்துக்குப் பூஜை போட்டுவிட்டு ஆயுதத்தைக் கண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டவர்களின் நடுவே, அந்தப் பெட்டியின் இரட்டைப் பிறவி ஒன்றைத் தன் வீட்டு அலமாரியில் வைத்திருந்த மனிதர் பேசிக்கொண்டே இருந்தார். இன்னும் இரண்டு பேர் அவர் முகத்தையே பார்க்காமல் பொரி தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களையும் நாம் பயிற்சிக்கூடத்தில் பார்த்திருக்கிறோம்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ இதே வீட்லதானம்மா இருக்க. உனக்கு இது தெரியுமா?"

என் விரல் நுனியில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. போலீஸுக்கு நான் எழுதிக்கொடுத்த வரிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கூடவே அவர் எனக்காகப் போட்ட ரெஃபரலும், ஊரில் அப்பா என் வேலையைச் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் டீ வாங்கிக்கொடுத்ததும்.

"தெரியாது அங்கிள்" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஒரே ஒரு தடவை. பிறகு கரண்டியை எடுத்து அடுத்த தட்டில் சுண்டல் போட்டீர்கள். எல்லாரும் போனபிறகு பாத்திரம் கழுவும்போது சொன்னது இவ்வளவுதான்: "சுண்டல் நிறைய மிச்சம். நாளைக்கு லஞ்சுக்கு எடுத்துட்டுப் போ."

திட்டியிருக்கலாம் அக்கா. நான் மறுநாள் அந்தச் சுண்டலை ஆபீஸில் உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டேன்.

அந்த வாரமே உங்களைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். வாட்ஸப்பில் முரளி அங்கிள் உங்களை நீக்கியதைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த நாற்பது பேரில் நானும் ஒருத்தி. ஆறு மாதத்தில் நீங்கள் வேலை மாற்றிக்கொண்டு டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் போனீர்கள். அங்கேயாவது துப்பாக்கி ஒரு விஷயமாக இருக்காது என்று நினைத்தீர்கள். இருக்கவில்லைதான். பக்கத்து வீட்டுக்காரர் நீங்கள் குறிபார்த்துச் சுடுவதைப் பாராட்டி பார்பெக்யூவுக்குக் கூப்பிட்டார், வாசலில் நீங்கள் லிபரல் அட்டை நட்டதும் வணக்கத்தையும் நிறுத்திக்கொண்டார். "அங்க துப்பாக்கியால கெட்டவ ஆனேன், இங்க அட்டையால. ரெண்டு ஊரும் சேர்ந்து என்னைப் பாதிப் பாதியா வச்சுக்கலாம்" என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் நான் கும்பிடு படம்தான் போட்டேன்.

கணையத்தில் வந்தது, நான்கு மாதத்தில் முடிந்தது. செய்தி குழுவில் வந்ததும் முரளி அங்கிள் எனக்குப் போன் செய்தார். குரலைத் தாழ்த்தி, "அந்த... அதனாலயாம்மா?" என்றார். கேன்சர் என்றேன். "ஓ" என்றார். அந்த ஓவில் துக்கம் இல்லை அக்கா, ஒரு சின்ன ஏமாற்றம் இருந்தது. அவரைப் போலவே இன்னும் மூன்று பேர் கேட்டார்கள். அதே பதில், அதே ஓ. நீங்கள் அவர்களுக்காக ஒரு குண்டில் செத்திருந்தால் எவ்வளவு நிம்மதியாகப் பேசியிருப்பார்கள்.

அவர்களை ஏளனம் செய்வது எனக்கு இப்போது சுலபமாக வருகிறது. ஒரு பக்கம் கொடித் தொப்பி, இன்னொரு பக்கம் புல்வெளி அட்டை, இரண்டுக்கும் நடுவே முரளி அங்கிளின் பை. ஆனால் இந்தக் கடிதத்தில் வருகிறவர்களிலேயே மிக மலிவான பொய்யைச் சொன்னவள் நான்தான். அவர்களாவது தங்கள் துப்பாக்கியைத்தான் மறைத்தார்கள். நான் உங்களை மறைத்தேன்.

இந்த வருடப் பூஜை முரளி அங்கிள் வீட்டில், வருகிற சனிக்கிழமை. எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது, லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லி. நான் பெட்டியைக் கொண்டுபோகிறேன். காலிப் பெட்டிதான், யாரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதில்லை. பழைய பொட்டைத் துடைக்கவில்லை. லேப்டாப்புகளுக்கு நடுவே வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பேன். நானாக வாய் திறந்து பேசுவேனா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. என்னை உங்களுக்குத் தெரியும், யாராவது கேட்டால்தான் எனக்குப் பேச வரும்.

அதனால் இவ்வளவு நேரம் கேட்கத் தயங்கியதைக் கேட்டுவிடுகிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அதைச் சுண்டலோடு கட்டிக் கொடுத்துவிட்டீர்கள். வேறொன்று வேண்டும். சனிக்கிழமை முரளி அங்கிள் பெட்டியைப் பார்த்து என் பக்கம் திரும்பும்போது, எப்படியாவது, எனக்காக, 'உனக்கு இது தெரியுமா' என்ற அந்தக் கேள்வியை இன்னொரு தடவை அவரைக் கேட்க வையுங்கள் அக்கா.