மேலங்கிக்குள் ஒருவன்

வெண்டல்பெர்க் மடம்,
புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்.

என் அன்பு ரிக்சா அக்காவுக்கு,

இறைவன் அருளால் நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய உப்பு மீன் பீப்பாய் உடையாமல் வந்து சேர்ந்தது. கோடையிலிருந்து என்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அவ்வளவுதான்.

நம் தம்பி எக்பெர்ட் தன் பங்குக்கு உனக்கு எழுதியிருப்பான். நகரத்தை அடக்கியதையும், தூக்குமேடையில் நின்ற ஒருவனை நான் காப்பாற்றியதையும் பெருமையாகச் சொல்லியிருப்பான். அவன் எழுதியதில் பொய் இருக்காது. ஆனாலும் நடந்ததை நீ என் வாயால் கேட்க வேண்டும்.

இந்தப் பாறைமேல் இருக்கும் மடத்துக்குத்தான் கீழே உள்ள நகரம் கட்டுப்பட்டது என்பது உனக்குத் தெரியும். சந்தையும் வழக்கு மன்றமும் ஆற்றுப்பாலமும் பேரரசர் காலத்திலிருந்து மடத்தலைவியின் கையில் இருப்பவை. சில வருடங்களாக நகரத்தார் அதை ஏற்கவில்லை. சந்தை நடுவில் வாள் பிடித்த கல் மனிதன் ஒருவனை நிறுத்தினார்கள். இனி எந்தச் சீமாட்டிக்கும் பதில் சொல்ல மாட்டோம் என்பதற்கு அது அடையாளம். நானும் பேசிப் பார்த்தேன், பேராயருக்கு எழுதினேன், பொறுத்தும் போனேன்.

இந்த ஈஸ்டருக்கு வழக்கம்போல் ஊர்வலமாகக் கீழே போனோம். நகரக் கதவைத் திறக்கவில்லை. மழையில் நின்றோம். மதில்மேலிருந்து ஒருவன், "பாட்டிமார்களா, நனையாம வீட்டுக்குப் போய் நூல் நூத்துட்டு இருங்க" என்றான். மதில் முழுக்கச் சிரிப்பு. என் பின்னால் நின்ற எங்கள் மடத்துப் பெண்களிலேயே ஒருத்தி வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிரபு வீட்டில் பிறக்காத எவளும் நுழைய முடியாத சபை இது. அதற்குத் தலைவி நான், ஈரத் துணியோடு திரும்பி ஏறினேன்.

அன்று மாலையே எக்பெர்ட்டுக்கு ஆள் அனுப்பினேன். மடத்தின் உரிமையைக் காக்க வேண்டும் என்றுதான் சொல்லியனுப்பினேன். உள்ளுக்குள் எரிந்தது அந்தச் சிரிப்பு. உன்னிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

அவன் குதிரைப் படையோடு வந்தான். பயமுறுத்தினால் போதும் என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, பாறையைக் குடைந்து நகரத்துக்கு இறங்கும் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டான். காய்ச்சல் கண்ட வீடுகளுக்கு மருந்து எடுத்துப்போக எங்கள் பெண்கள் பயன்படுத்தும் வழி அது. நகரத்தார் அந்தப் பக்கம் ஒருநாளும் காவல் வைத்ததில்லை. சாவியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாலை ஜெபத்துக்குமுன் எல்லாம் முடிந்துவிட்டது. கல் மனிதனைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்கள். தெருவில் செத்துக் கிடந்தவர்களில் பாதிப் பேர் தோல் பதனிடுகிறவர்கள், வேலைசெய்த ஏப்ரனோடு கிடந்தார்கள். ஜெபத்தில் நினைக்க அவர்கள் பெயர்களைச் சொல்லக்கூட யாரும் மேலே மடத்துக்கு வரவில்லை.

நகர மன்றத்தார் இருவரைத் தூக்கிலிடுவதென்று எக்பெர்ட் முடிவு செய்தான். ஒருவர் பீர் காய்ச்சும் டீலே, வயதானவர். இன்னொருவன் ஹென்னிங், அவருடைய மகளைக் கட்டியவன். இந்த மடத்தில் ஒரு பழைய உரிமை உண்டு அக்கா. சாகப்போகிறவன்மேல் மடத்தலைவி தன் மேலங்கியைப் போர்த்திவிட்டால் அவனை எவரும் தொடக்கூடாது. அது எனக்குத் தெரியும், எக்பெர்ட்டுக்கும் தெரியும்.

அதனால்தான் மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது சொன்னான்: "அக்கா, இன்னைக்கு நீங்க கீழ வர வேணாம். என் ஆளுங்க முன்னாடி என் பேச்சு நிக்கணும். உங்களுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்."

நான் சரி என்றேன். சிறுவயதில் இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளை, அவனைப் பலர் முன்னால் சிறுமைப்படுத்தலாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் போனபின்பும் உட்கார்ந்து சாப்பிட்டேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது கீழே முரசு கேட்டது. பிறகு நின்றது. அது நின்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

அப்போது எங்கள் சபையில் மூத்தவளான ஓடா என் மேலங்கியோடு உள்ளே வந்தாள். "தூசி தட்டி வெச்சிருக்கேன். போடறதுன்னா இப்பவே போடுங்க. இல்லேன்னா பெட்டியில மடிச்சு வெச்சிடறேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் ஓடினேன் அக்கா. இந்த வயதில், அத்தனை படியும். ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள், ஒருவரும் வணங்கவில்லை. ஹென்னிங் தொங்கிக்கொண்டிருந்தான். டீலேயின் கழுத்தில் கயிறு மாட்டியிருந்தார்கள். ஏணியில் ஏறி மேலங்கியை அவர்மேல் போர்த்தினேன். எக்பெர்ட் முகம் வெளுத்தது, ஆனாலும் கையைக் காட்டிக் கயிற்றை எடுக்கச் சொன்னான். அவனுடைய ஆட்களே, "கடவுள் கருணை" என்று கத்தினார்கள்.

மேலங்கிக்குள்ளிருந்து டீலே என்னிடம் மட்டும் கேட்கும்படி பேசினார். "பெரிய துணிதாம்மா இது. என் மருமகனுக்கும் எட்டியிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, நன்றியும் சொல்லவில்லை. போர்த்தியதை எடுத்து, அழுக்குப் படாமல் மடித்து, என் கையில் கொடுத்துவிட்டு ஹென்னிங்கை இறக்கப் போனார்.

அன்று பிற்பகல் நகரத்தார் எல்லோரையும் சந்தையில் முழங்காலிட வைத்து எனக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் வாங்கினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். டீலேயின் மகளும் முழங்காலில் இருந்தாள், நிறைமாதம். எழுந்திருக்க முடியாமல் பக்கத்திலிருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் இறங்கிப்போய்த் தூக்கியிருக்கலாம். தூக்க வந்த கையை அவள் தட்டிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது கதவுகள் எனக்குத் திறந்திருக்கின்றன. வழக்கு மன்றத்தில் என் பெயரைச் சொல்லித் தீர்ப்பளிப்பவன் எக்பெர்ட்டின் ஆள். என்னைக் கேட்பதில்லை. பாறைப் படிக்கட்டின் கீழ்க்கதவை நகரத்தார் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். இந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தபோது மருந்தோடு போன பெண்கள் அப்படியே திரும்பி வந்தார்கள். பக்கத்துக் கோட்டைகளிலிருந்து என் கருணையைப் புகழ்ந்து சீமாட்டிகள் சொல்லியனுப்புகிறார்கள். நான் மேலங்கி போர்த்தும் காட்சியைக் கோயில் சுவரில் தீட்ட வேண்டும் என்று எங்கள் பாதிரியார் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் என் முகத்தை எப்படி வரைவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

உன் மகள் ஜிஸ்லாவை இங்கே வளர அனுப்புவதாக எழுதியிருந்தாய். எனக்குப் பின் அவளே தலைவியாகலாம் என்றும் ஆசைப்பட்டாய். குழந்தை புத்திசாலி, பாடுவாள் என்கிறாய். அவளை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் இதையெல்லாம் படித்தபின் நீயே முடிவு செய். அவளிடமும் சொல், மறைக்காதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பனி இறுகி வண்டித் தடம் கெட்டியானதும் நீ ஒருமுறை வா. அத்தானிடம் என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள். இங்கே என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒன்று பணிகிறார்கள், இல்லையென்றால் பயப்படுகிறார்கள். ஓடாகூட இப்போது பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அம்மா இருந்திருந்தால் என்னைக் கன்னத்தில் அறைந்திருப்பாள். அவள் இல்லை. நீ வா அக்கா. வந்து என்னைத் திட்டிவிட்டுப் போ.

உன் தங்கை,
யூத்தா.